அப்பாவுக்கு மேலுக்கு முடியலை - சில நாவல்களை முன்வைத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புத்தக விமர்சனம் இல்லை. விமர்சனம் எழுதுற அளவுக்கு நம்மகிட்ட சரக்கு கிடையாதுன்னு இங்கே வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும் :-)

ஆறு மாதமாக ஒரே மாதிரியான கதைகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக்காக வேறு நாட்டுக்கோ வேறு ஊருக்கோ போன குடும்பம். அதில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனநோய். கதையைச் சொல்வது வீட்டிலிருக்கிற பதின்வயதுப் பிள்ளை. ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரியே வைத்து விற்கிறார்கள். நம்ம ஊரிலும் 'இளையோர் நாவல்' என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். இந்த வகைக் கதை தமிழில் வேண்டும், அதுவும் ரொம்ப அவசரமாக வேண்டும் என்பது என் கட்சி. ஏன், யாருக்கு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

வேலை சிறுசேரியில், ஜாகை முட்டுக்காட்டில். சனிக்கிழமை மதியம் படகுத்துறைப் பக்கம் கூட்டம் சேர்வதற்குள் கழிமுகத்து ஓரமாக ஒரு நிழல் பிடித்து உட்கார்ந்தால் நூறு பக்கம் ஓடிவிடும். காற்று இலவசம். பக்கம் மட்டும் தானாகப் புரளும், அதைப் பொறுத்துக்கணும்.

முதலில் படித்தது அடீப் கொர்ராம் எழுதிய 'டரையஸ் த கிரேட் இஸ் நாட் ஓகே'. 2018-ல் வந்தது. டரையஸின் அம்மா ஈரானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர், அப்பா அமெரிக்கர். அப்பாவுக்கும் பையனுக்கும் மனச்சோர்வு நோய், இரண்டு பேரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். தாத்தாவுக்கு உடம்பு மோசம் என்று குடும்பமாக ஈரானிலுள்ள யஸ்த் நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே உறவுக்காரர்கள் கேட்கிற கேள்வி நமக்கு மனப்பாடம்: உனக்கென்னப்பா குறை, எதுக்கு மாத்திரை? வீட்டில் அப்பாவும் பையனும் தினமும் ராத்திரி 'ஸ்டார் ட்ரெக்' ஒரு எபிசோட் சேர்ந்து பார்ப்பார்கள். அதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு ஓடாது. நான் இந்தக் கதையில் அசந்துபோன இடம் பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. மாத்திரை சாப்பிடுவதைப் பல் தேய்ப்பது மாதிரி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதையே நான் நாலு தடவை திரும்பப் படித்தேன்.

அதே 2018-ல் வந்த இன்னொன்று எமிலி எக்ஸ்.ஆர். பான் எழுதிய 'தி அஸ்டானிஷிங் கலர் ஆஃப் ஆஃப்டர்'. லீ என்ற பெண்ணின் அம்மா தைவானிலிருந்து வந்தவர். மனச்சோர்வில் தற்கொலை செய்துகொள்கிறார். அம்மா பறவையாகிவிட்டாள் என்று நம்புகிற மகள், அதுவரை பார்த்தே இராத தாத்தா பாட்டியைத் தேடித் தைவான் போகிறாள். அம்மா இறந்த அதே நாளில்தான் இவள் தன் நண்பனை முத்தமிட்டிருக்கிறாள், அந்தக் குற்ற உணர்ச்சி வேறு. 'இன்னதால்தான் நடந்தது' என்று ஒற்றைக் காரணத்தைக் கடைசிவரை நாவல் நம் கையில் கொடுப்பதில்லை. அதற்காகவே ஆசிரியருக்கு ஒரு கும்பிடு. நம்ம ஊரில் சாவு வீட்டு வாசலிலேயே காரணத்தைக் கண்டுபிடித்து முடித்துவிடுவார்கள், பாடை கட்டுவதற்கு முன்னாடியே.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கலாம். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பத்மா வெங்கட்ராமன் 2008-ல் எழுதிய 'க்ளைம்பிங் த ஸ்டேர்ஸ்' நம்ம வீட்டுக் கதை. (அவர் கடலியல் படித்த விஞ்ஞானி. நம்ம பொறியாளர்கள் யாராவது நேரமில்லைன்னு சொன்னா இதை ஞாபகப்படுத்துங்க.) 1941, பம்பாய். பதினைந்து வயது வித்யாவின் அப்பா டாக்டர். சுதந்திரப் போராட்டக் கூட்டமொன்றில் போலீஸ் அடித்த அடியில் அவருக்கு மூளை பாதிக்கப்படுகிறது. குடும்பம் சென்னையில் தாத்தா வீட்டுக்கு வந்து ஒண்டுகிறது. பெரிய கூட்டுக்குடும்பம். பெண்கள் கீழே, ஆண்கள் மாடியில். நூலகமும் மாடியில். நேற்றுவரை டாக்டராக இருந்த மனுஷன் இன்றைக்கு அந்த வீட்டுக்கு ஒரு பாரம். மூளையில் அடிபடுவது வேறு, மனநோய் வேறு, சரிதான். ஆனால் அப்பா உட்கார்ந்தபடியே இருக்க, அவரைப் பற்றி அவர் முன்னாலேயே சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பெண் பிள்ளையின் நிலைமை இருக்கிறதே, அது இரண்டுக்கும் பொது.

இளையோர் அலமாரியில் வராவிட்டாலும் ஜெர்ரி பின்டோவின் 'எம் அண்ட் தி பிக் ஹூம்' இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2012-ல் வந்தது, 2016-ல் சாகித்ய அகாதெமி விருது. மும்பை மாஹிமில் ஒரு சின்ன ஃப்ளாட், கோவா கத்தோலிக்கக் குடும்பம். அம்மாவின் பக்கம் பர்மாவிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அம்மாவுக்கு ஒருநாள் பேச்சு நிற்காது, ஒருநாள் எழவே மாட்டாள், தற்கொலை முயற்சிகளும் உண்டு. மகன் சொல்கிறான். சிரிப்பு அள்ளும், அடுத்த வரியில் கை நடுங்கும். அந்த மகனுக்குள் ஓடுகிற பயம் ஒன்றுதான்: இது எனக்கும் வருமா?

அந்தப் பயம் எனக்குத் தெரியும். பெற்றோரில் ஒருவருக்கு இருமுனைக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதாவது தொண்ணூறுக்கு மேல் வராது. இதை நான் தெரிந்துகொண்டது இருபத்தி மூன்று வயதில். பதிமூன்றில் யாராவது சொல்லியிருந்தால் பத்து வருஷத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆமாம், எங்க வீட்டிலும் இதுதான். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், நான் பிறந்தது வளர்ந்தது கல்யாணில். மும்பைக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கல்யாண். அப்பா ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. 2010-ல் ஒருநாள் சாயங்காலம் அந்த ஒரே அறைக்கு ஐந்து சீலிங் ஃபேன் வாங்கிவந்தார், தவணையில். ராத்திரி பூரா தூங்கவில்லை. பட்டறையை விலைக்கு வாங்கப்போவதாகப் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை நான் பார்த்ததே இல்லை. மூன்று வாரம் கழித்துப் படுத்தார், இரண்டு மாதம் எழவில்லை.

(இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு, "எழுது, ஆனா ஃபேன் அஞ்சு இல்லடே, நாலு" என்றார். அம்மா ஐந்துதான் என்கிறாள். வழக்கு நிலுவையில்.)

மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் இந்தியில் கேட்பார். அம்மாவுக்குக் காய்கறி வாங்குற இந்திதான் வரும். அப்பா வாயே திறக்கமாட்டார். ஆக, நடுவில் நான். பதிமூன்று வயது. தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் வருதான்னு வரிசையாக வந்த கேள்விகளுக்கு நடுவில் ஒரு கேள்வி. நான் அம்மாவைப் பார்த்துத் திரும்பி, "அப்பா எப்பவாச்சும் செத்துப்போகணும்னு சொல்லிருக்காவளான்னு கேக்காரு" என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ரெண்டு தடவ." நான் டாக்டர் பக்கம் திரும்பி "தோ பார்" என்றேன். எனக்கே அந்தச் சேதி தெரியவந்தது அந்த நொடியில்தான். ஆனால் அதிர்ச்சி அடைய நேரமில்லை, டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், மொழிபெயர்க்கணும்.

இடம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைக்கு இந்த உத்தியோகம் தானாக வந்துசேருகிறது. புது ஊர் மொழி பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பேங்க் ஃபாரம், கரண்ட் பில், பள்ளிக்கூட மீட்டிங் என்று ஆரம்பித்து, வீட்டில் ஒருவருக்கு மனசு உடைகிற அன்றைக்கு அதுவும் பிள்ளை தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளைதான் டாக்டருக்கு அப்பாவை விளக்கணும், அம்மாவுக்கு டாக்டரை விளக்கணும், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் விளக்கிவிடக்கூடாது. நான் சொன்ன நாவல்களில் என்னைப் பிடித்து உலுக்கியது நோயைப் பற்றிய பகுதிகள் இல்லை, பிள்ளையின் இந்த வேலைதான். யார் எப்போது மாத்திரை எடுத்தார்கள், யாரிடம் எதைச் சொல்லலாம், யாருடைய குரல் இன்றைக்கு ஒரு கட்டை ஏறியிருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே கணக்குப் பரீட்சைக்கும் போகிற வேலை.

ஊரில் இருந்திருந்தால்? பெரியப்பா வந்திருப்பார், சித்தி வந்து சோறு பொங்கியிருப்பாள். கூடவே தெரு முழுக்கச் சேதி போயிருக்கும், அக்கா கல்யாணம் தள்ளிப்போயிருக்கும். கல்யாணில் உதவிக்கும் ஆள் இல்லை, வம்புக்கும் ஆள் இல்லை. எது தேவலைன்னு இன்னும் எனக்கு முடிவாகத் தெரியலை.

புலம்பெயர்தலுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பழைய ஆராய்ச்சி. 1932-லேயே ஓடகார்ட் என்ற நார்வே மருத்துவர், அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் குடிபோன நார்வேக்காரர்களிடம் மனச்சிதைவு அதிகமாக இருப்பதைக் கணக்கெடுத்து எழுதினார். 2005-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, குடிபெயர்ந்த முதல் தலைமுறைக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.7 மடங்கு என்றும், அங்கேயே பிறந்த அடுத்த தலைமுறைக்கு 4.5 மடங்கு என்றும் வந்தது. அடிப்படை எண்ணிக்கை சிறியது என்பதால், டிக்கெட்டை கேன்சல் பண்ண வேண்டாம் நியூஜெர்சி மக்களே. ஆனால் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். விமானம் ஏறியது அப்பா அம்மா. பிள்ளைக்கு மடங்கு கூடுகிறது. ஒதுக்கப்படுவதும் ஒட்டாமல் வாழ்வதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஈழத்திலிருந்து போனவர்களுக்கு இந்தச் சுமையோடு போரும் சேர்ந்துகொண்டது. தயா சோமசுந்தரம் என்ற மனநல மருத்துவர் யாழ்ப்பாணத்தில் பார்த்ததையெல்லாம் 1998-ல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்று புத்தகமாகவே போட்டார். 2021-ல் புக்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்த அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நார்த்' நாவலில் ராணி என்று ஒரு அம்மா. போரில் இரண்டு மகன்களை இழந்து மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கொள்பவள். அவளைப் பற்றி யோசிப்பவன் அவள் பிள்ளை இல்லை, படித்த வேறொரு இளைஞன். நல்ல நாவல்தான். எனக்கென்னவோ வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கணும் போலிருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் இல்லவே இல்லையா? ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1992-ல் வந்தது, அடுத்த வருஷமே சாகித்ய அகாதெமி. கும்பகோணம், மகாலிங்கம் என்ற மனிதர், காதுக்குள் ஓயாமல் குரல்கள். தன் சொந்த அனுபவம் என்று எம்.வி.வி. தானே சொல்லியிருக்கிறார். அவர் சௌராஷ்டிரர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத் பக்கமிருந்து பட்டு நெய்துகொண்டே தெற்கே வந்தவர்கள், வீட்டுக்குள் இன்றைக்கும் வேறு மொழி. ஆக, நம்மகிட்ட இருக்கிற ஆகச்சிறந்த மனநோய் நாவலே ஒரு குடிபெயர்ந்த சமூகத்து அப்பா எழுதியது. உலகத்தில் எத்தனை மொழிக்கு இப்படி ஒன்று இருக்கும்னு தெரியலை.

அந்த நாவலை நான் இரண்டாம் முறை படித்தபோது குரல்களை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தேன். மகாலிங்கத்துக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள்? எம்.வி.வி.யைக் குறை சொல்லவில்லை, அவர் கதை அவர் காதுக்குள் நடக்கிறது. அடுத்த அறையிலிருந்து எழுதவேண்டியதை அடுத்த அறையில் இருந்தவர்கள்தான் எழுதணும்.

இங்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதல்லவா, 1996-ல் திறந்தது. தென்னாட்டு வீடுகளைக் கல் கல்லாக, தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, அக்ரகாரத்து வீடு. விருந்தாளி யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன். ஒவ்வொரு வீட்டிலும் பத்தாயம் எங்கே, பூஜையறை எங்கே, மாடு எங்கே எல்லாம் விவரமாகச் சொல்வார்கள். புத்தி பேதலித்த ஆளை எந்த அறையில் வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். இவ்வளவு வீட்டில் ஒன்றில்கூடவா இல்லாமல் இருந்திருக்கும்? கூட வந்தவர்களின் நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று கேட்பதில்லை.

வார்த்தைகளைப் பாருங்கள். எங்க ஊரில் 'கோட்டி'. சென்னையில் 'லூசு', 'கீழ்ப்பாக்கம் கேஸு'. 1794-லிருந்து நடக்கிற ஒரு மருத்துவமனை, அது இருக்கிற பேட்டையின் பேரே வசவாகிவிட்டது. இதெல்லாம் வெளியே. வீட்டுக்குள் வேறு அகராதி. 'நரம்புத் தளர்ச்சி', 'டென்ஷன்', 'சரியாத் தூங்கலை'. எங்க வீட்டில் 'அப்பாவுக்கு மேலுக்கு முடியலை'. அது காய்ச்சலுக்கும் சொல்கிற வார்த்தைதான். எங்களுக்குள் மட்டும் இன்னொன்று இருந்தது, 'சீசன்'. "சீசன் ஆரம்பிச்சிட்டு போல" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னால் நான் சைக்கிள் சாவியையும் அப்பாவின் ஏ.டி.எம். கார்டையும் எடுத்து ஒளித்துவைப்பேன். டாக்டர் சீட்டில் 'பி.பி.ஏ.டி' என்று நாலு எழுத்து இருக்கும். அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நாலெழுத்துக்குப் பெயர் பைபோலார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? தனுஷ். 2012-ல் வந்த '3' படம். எனக்குப் பதினைந்து வயது. அந்தப் படத்தில் இந்த நோய் வந்தவன் என்னவெல்லாம் செய்கிறான், கடைசியில் என்ன ஆகிறான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டெல்லாம் அருமைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வீட்டுக்கு வந்து அப்பா தூங்குகிறாரா என்று விடிய விடிய பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் 2005-ல் ஒரே வருஷத்தில் 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் வந்தன. நம்ம சினிமாவில் மனநோய் என்றால் ஒன்று கொலை, இல்லாவிட்டால் காமெடி. மாத்திரை போட்டுக்கொண்டு ஏழே முக்கால் லோக்கல் பிடித்து வேலைக்குப் போகிற அப்பாவை ஒரு ஃப்ரேமில்கூடப் பார்த்ததாக நினைவில்லை. அப்படிப்பட்ட அப்பாக்கள்தான் அதிகம். இப்போது எங்க அப்பாவே அப்படித்தான், என்ன, ஓய்வு பெற்றுவிட்டதால் லோக்கல் இல்லை. லித்தியம் ஓடுகிறது, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தில் அளவு பார்க்கணும், வெயில் காலத்தில் தண்ணி நிறையக் குடிக்கணும், அவ்வளவுதான்.

இந்தப் பதிவை எழுதவைத்தது போன மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம். கோவளம் பக்கம் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் ஏழாவது எட்டாவது படிக்கிற மகளும். இந்தப் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிகளில் வேலை செய்கிற ஒடிசா குடும்பம் என்று பேச்சில் தெரிந்தது. மகள் தோளில் அரசுப் பள்ளியில் கொடுக்கிற விலையில்லாப் பை. சீட்டை நீட்டினாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இது?" என்றார்.

"அப்பாக்குண்ணா. தூக்க மாத்திரை." சுத்தமான செங்கல்பட்டுத் தமிழ்.

கவுன்ட்டரில் வைத்த அட்டையின் பெயர் எனக்குத் தெரியும். தூக்க மாத்திரை இல்லை. எங்க அம்மா அதைச் 'சத்து மாத்திரை' என்பாள். கடைக்காரர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, நடுவில் நிறுத்தவே கூடாது என்றார். பெண் அம்மாவிடம் திரும்பி ஒடியாவில் சொன்னாள். அம்மா ஏதோ கேட்டார். கேள்விதான், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பெண் அதைக் கடைக்காரரிடம் கேட்கவில்லை. அட்டையைப் பைக்குள், கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

தமிழில் இளையோர் நாவல் யாருக்கு என்று கேட்டால் நாம் நம்ம பிள்ளைகளைத்தான் நினைப்போம். டொரன்டோவில் தமிழ் மறந்துகொண்டிருக்கிற பிள்ளையை நினைப்போம். அந்தப் பெண் ஒடியா படிக்கக் கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவல் படிக்கவும் மாட்டாள். அவளுக்குப் படிக்க வருகிற மொழி தமிழ். டரையஸும் லீயும் ஆங்கிலத்தில் இருப்பது மாதிரி அவள் தமிழில் இருக்கிறாள். நாம் இதுவரை குடிபெயர்ந்து போனவர்களாகவே நம்மை நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே நாம்தான் வந்து சேரும் நாடு, நம்முடையதுதான் அவள் மொழிபெயர்த்தாகவேண்டிய மொழி. அவளுக்கு அப்பாவின் நோய்க்கு ஒரு பெயர், கேலி இல்லாத பெயர், கிடைக்கவேண்டியது தமிழில்தான்.

தமிழில் இளையோருக்கு எழுதவே ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதின இளையோர் நாவல், 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-ல் வாங்கியது. கீழடிவரை தோண்டிப் போகிற தெம்பு நமக்கு வந்துவிட்டது. அடுத்த அறைக் கதவைத் தட்டுவதுதான் பாக்கி.

"சின்னப் பசங்க படிக்கிற விஷயமாய்யா இது" என்று ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். வீட்டில் இது இல்லாத பிள்ளைக்கு இது ஒரு கதை, அவ்வளவுதான். இருக்கிற பிள்ளை ஏற்கெனவே தினமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது, புத்தகம் இல்லாமல். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலப் பிரச்சினை என்று வந்தது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் எத்தனை வீடு என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு. 'விழிப்புணர்வு' கதை. முதல் அத்தியாயத்தில் அப்பா சத்தம் போடுவார், கடைசி அத்தியாயத்தில் வெள்ளைக்கோட்டு டாக்டர் மூன்று பக்கம் பேசுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்க நாவல்களை அப்படியே சட்டை மாற்றி இறக்கவும் வேண்டாம். அவர்களுக்கு தெரபிஸ்ட், நமக்குக் குணசீலம், ஏர்வாடி, சோளிங்கர். மாத்திரைக்கு முன்னால் மந்திரிப்பு, மந்திரிப்புக்கு நடுவே மாத்திரை என்று இரண்டும் கலந்துதான் நம்ம வீடுகள் ஓடுகின்றன. எனக்கே இடுப்பில் இன்னும் ஒரு கறுப்புக் கயிறு இருக்கிறது, அம்மாவின் கைங்கரியம். பகுத்தறிவு நண்பர்கள் மன்னிக்கவும் :-)

ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வரணும். ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகையில் தீ, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் விசாரணை, உத்தரவு, கடைசியில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம். சங்கிலியில் கட்டுவது குற்றம், மற்ற நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த 28 பேரைப் பற்றி நிறையக் கட்டுரை வந்தது. அவர்களில் யாருக்காவது வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்கும், பேப்பரில் படத்தைப் பார்த்திருக்கும், மறுநாள் பள்ளிக்கூடம் போயிருக்கும். அந்தக் கதையை யாரும் எழுதினமாதிரி தெரியவில்லை.

நல்ல சேதியும் கதைக்குள் வரட்டும். 1993-ல் தெருவில் அலைகிற பெண்களுக்காகச் சென்னையில் ஆரம்பித்த தி பேனியன், இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பக்கமும் இயங்குகிறது. வருஷக்கணக்கில் விடுதியில் இருந்த பெண்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கும் திட்டம் ஒன்றை 2015-லிருந்து நடத்துகிறார்கள். சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள். தட்சிணசித்ராவில் இல்லாத அந்த அறை இந்த வீடுகளில் வாசல் திறந்து இருக்கிறது. கதாசிரியர்களுக்கு இதைவிட என்ன களம் வேணும்?

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், பாதிப்பேர் எழுதவும் செய்கிறீர்கள். யார் வீட்டில் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் யாராவது எழுத உட்கார்ந்தால் ஒரு உதவி. நோய்க்குப் பெயர் என்ன வைப்பீர்கள்? 'இருமுனைக் கோளாறு' என்று பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் எந்தப் பிள்ளையும் வீட்டில் அப்படிச் சொல்லாது. 'பைபோலார்' என்றால் '3' படம் ஞாபகம் வரும். 'கோட்டி' கூடவே கூடாது. எங்க வீட்டுச் 'சீசன்' இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா ராயல்டி கேட்கமாட்டார். உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள், சொல்லலாம் என்றால் சொல்லுங்கள்.

டிஸ்கி: டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அந்த மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி கல்லாப்பெட்டிக்கு மேலே, பத்து வயசுப் பிள்ளை கண்ணுக்கும் படுகிற உயரத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒடியாவிலும் எழுதணும். ஆபீஸில் ஒரு புவனேஸ்வர் பையன் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.